புகை குறையட்டும்! கூலி குறைய விடமாட்டோம்!

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் அறிவோம். இன்று உலகத்துச் சுரங்க முதலாளிகள் புகையைக் கண்டு கண்ணீர் வடிக்கிறார்கள். பழைய டீசல் டம்பர்களில் பாட்டரியைப் பொருத்தி "ஹைபிரிட்" ஆக்கினால் புகை குறையுமாம்.

சுரங்கம் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று கும்மிடிப்பூண்டித் தோழர் கேட்கலாம். தோழரே, சுரங்க டம்பர் உருவாவது நம் திருவள்ளூரில்தான்! ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வைத்திருந்த ஆலையை அமெரிக்காவின் காட்டர்பில்லர் கம்பெனி வாங்கி நடத்துகிறது. திருவள்ளூரிலும் கிருஷ்ணகிரியிலும் விரிவாக்கத்துக்கென்று 500 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2024 செப்டம்பரில் சிகாகோவில் கையெழுத்தானது. நாளை டம்பரின் இயந்திரம் மாறினால், முதலில் மாறுவது நம் தொழிலாளியின் வேலைதான்.

இந்த ஹைபிரிட் என்பது என்ன? மிகப் பெரிய டம்பர்களில் டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தால் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சரிவில் இறங்கிப் பிரேக் போடும்போது அதே மோட்டார் மின்சாரம் தருகிறது. இன்று அது வெறும் சூடாகிக் காற்றில் போகிறது. பாட்டரி வைத்தால் அதைச் சேமித்து, மேடேறும்போது செலவழிக்கலாம். டீசல் மிச்சம், புகையும் குறைவு.

நல்ல யோசனைதான்! நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் புகையை முதலில் குடிப்பவன் யார்? டிரைவர், மெக்கானிக், லோடு ஏற்றுபவன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் டைரக்டரா?

ஆனால் முதலாளியை நம்பி நல்ல யோசனையை விட்டால் என்ன ஆகும்? தென் ஆப்பிரிக்காவின் மொகலக்வேனா பிளாட்டினம் சுரங்கத்தில் 2022 மே மாதம் ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி ஹைட்ரஜனும் பாட்டரியும் கொண்ட டம்பரை ஊரறிய ஓட்டிக் காட்டியது. அதை உருவாக்கிய ஃபர்ஸ்ட் மோட் கம்பெனியில் 2023ல் பெரும்பங்கையும் எடுத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் ஃபர்ஸ்ட் மோட் திவால் மனுப் போட்டது! டம்பரை ஹைபிரிட் ஆக்கும் அதன் தொழில்நுட்பத்தை 2025ல் கம்மின்ஸ் வாங்கிக்கொண்டது. சுத்தமான காற்று லாபக் கணக்கில் தொங்கினால் இதுதான் கதி.

"நவீனம்" என்ற பேரில் வருவதெல்லாம் நமக்கு நன்மை அல்ல. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கான சட்டத் திருத்தமும் நவீனம் என்றுதான் வந்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பாடம் தெளிவு: கேட்டால் கிடைக்காது, திரண்டால் கிடைக்கும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. ஏரி மண் ஏற்றிய டிப்பர் உங்கள் தெருவில் கக்கும் புகைக்கும் புழுதிக்கும் யார் பொறுப்பு? ஏற்றுமதிச் சுரங்கத்துக்கு ஒரு நியாயம், நம் குழந்தையின் நெஞ்சுக்கு ஒரு நியாயமா?

ஆகவே நாம் கோருவது:

1. புதிய இயந்திரத்தின் பேரால் ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கக்கூடாது.

2. பாட்டரி, மின் மோட்டார் வேலைக்கான பயிற்சி, சம்பளத்துடன் வேலை நேரத்திலேயே தரப்படவேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதில் சம உரிமை வேண்டும்.

3. மிச்சமாகும் டீசல் பணத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும்.

4. டிரைவர்களுக்கும் புகையில் வேலை செய்வோருக்கும் ஆண்டுதோறும் இலவச நுரையீரல் பரிசோதனை வேண்டும்.

5. கிராமத்துச் சாலையில் ஓடும் லாரியின் புகையும் அதே கண்டிப்போடு சோதிக்கப்படவேண்டும்.

டம்பரை ஓட்டுவது உழைப்பாளியின் கை. அதைச் செய்வதும் உழைப்பாளியின் கை. அந்தக் கைகள் ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் ஒன்று சேரட்டும்! புகையும் ஒழியும், சுரண்டலும் ஒழியும்!