பேலனைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பலூன் பற்றிய கட்டுரை இல்லை :-) பேலன். பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு என்ற இரண்டு வார்த்தைகளை வெட்டி ஒட்டிய பெயர். ஹாம் ரேடியோக்காரர்கள் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டுகிற சமாச்சாரம். இதை மூடி ஒட்டிய டப்பாவாகக் கடையில் வாங்கி மாட்டிவிட்டு "செட்டப் ரெடி" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அது என்ன வேலை செய்கிறது? டைபோல் ஆன்டெனா என்பது சம நீளமுள்ள இரண்டு கம்பிகள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு முனைக்கு முனை சுமார் 20 மீட்டர். கீழிருந்து ஏறும் கோஆக்சியல் கேபிளோ நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஒரு வலை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மின்சாரம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும். அதனால் வலையின் உட்புறமும் வெளிப்புறமும் இரண்டு தனிக் கம்பிகள் மாதிரி. உட்புறமாக வந்த மின்சாரத்தில் ஒரு பங்கு, உச்சியில் வெளிப்புறத்துக்குத் தாவி, வீட்டுக்கே இறங்கி வந்துவிடும். கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கலாம், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நம் குரல் கரகரக்கலாம், நம் வீட்டு எல்.இ.டி. பல்பின் இரைச்சல் ரிசீவருக்குள் நுழையலாம். அந்த வெளிப்பாதையை அடைப்பதுதான் 1:1 பேலனின் வேலை.

இது ஒன்றும் கம்பெனி ரகசியம் இல்லை. குஸ்டாவ் குவனெல்லா 1944-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். 1983-ல் வால்ட்டர் மேக்ஸ்வெல், கேபிள் மேல் 50 ஃபெரைட் மணிகளைக் கோர்த்தாலே பேலன் ஆகிவிடும் என்று காட்டினார். மணி கோர்க்கத் தெரிந்தால் போதும்!

"கடைச் சரக்கு என்றால் டெஸ்ட் பண்ணித்தானே விற்பான்?" என்று கேட்பீர்கள். உள்ளே என்ன வளையம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சிவப்பு நிற இரும்புத்தூள் வளையம் டி-200-2-ல் கேபிளை 12 சுற்றுச் சுற்றினால், 7.1 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் தடை வெறும் 77 ஓம். குறைந்தது 500 ஓமாவது வேண்டும். அதே 12 சுற்றை எஃப்.டி.240-43 ஃபெரைட் வளையத்தில் சுற்றினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு டப்பாதான். நீங்களே சுற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

"ஃபெரைட் கிடைக்காதே" என்பது அடுத்த சாக்கு. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையத்தை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் இரும்புத்தூள்தான். எதுவுமே கிடைக்கவில்லையா? 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஆர்.ஜி.-58 கேபிளை 15 அடி பக்கத்தில் பக்கத்தில் சுற்றுங்கள். எல்லா பேண்டுக்கும் சரிவராது, ஃபெரைட் அளவுக்கு நம்பவும் முடியாது. ஆனால் 40 மீட்டர் பேண்டுக்கு மட்டும் என்றால் தொடங்க இது போதும். நம் நாட்டு அஷார் ஃபர்ஹான் 2003-ல் பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவரை வடிவமைத்தபோது, டொராய்டு கிடைக்காதவர்களுக்காகக் குழாய் வாஷரில் காயில் சுற்றச் சொன்னார். முழு ரேடியோவையே அப்படிக் கட்ட முடியும்போது ஒரு பேலனுக்கா பஞ்சம்?

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தண்ணீர் புகாத டப்பா, நல்ல கனெக்டர் இதெல்லாம் முக்கியம். அவற்றைத் தாராளமாக வாங்குங்கள். சுற்றுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். ஒரு மணி நேர வேலை. நானோ வி.என்.ஏ. வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அளந்தும் பார்த்துவிடலாம்.

இதற்கு ஏன் இத்தனை ஆவேசம்? சர்வதேச ரேடியோ விதிகளில் அமெச்சூர் சேவைக்கு உள்ள விளக்கத்தில் முதலில் வருவதே சுயபயிற்சி. பேச்சுத் தொடர்பு அதற்கு அப்புறம்தான். கற்றுக்கொள்வதற்காகத்தான் நமக்கு இத்தனை அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வாங்கி மாட்டிப் பேச மட்டும்தான் என்றால் செல்போன் போதுமே.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத்தின் ஹாம் குழு அந்தமானில் இருந்தது. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தது. அப்படி ஒரு நாளில் உங்கள் டப்பாவுக்குள் தண்ணீர் போனால் கூரியரில் புதுசு வராது. கையில் கேபிள் இருக்கும், எங்காவது ஒரு குழாய்த் துண்டு இருக்கும். எத்தனை சுற்று, ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.