போஸ்டரில் ஒரு முகம்

2000-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் ஒரு கூத்து அடித்தது. சேர்க்கைப் புத்தகத்தின் அட்டைக்கு ஃபுட்பால் மேட்ச் பார்க்கும் கூட்டத்தின் படம். எல்லாம் வெள்ளை முகம். பார்க்க நல்லா இருக்காதே என்று ஒரு கறுப்பின மாணவரின் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டார்கள். அவர் ஃபுட்பால் மேட்ச் பக்கமே போகாதவர்! மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

அப்புறம் பல பல்கலைக்கழகங்கள் கமிட்டி, அறிக்கை என்று வருஷங்களை ஓட்டின. 2025-ல் டிரம்ப் அரசு முறைத்ததும் அதையும் அவசரமாய்க் கிழித்துப் போட்டவர்கள் நிறைய. இன்றைக்கும் அமெரிக்கர்கள் வாங்கும் இன்ஜினியரிங் பிஎச்டிகளில் கறுப்பினத்தவரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்கள் பங்கில் பாதிகூட இல்லை.

நான் பி.காம் ஆள், பணத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே பிஎச்டி மாணவருக்குப் பெரும்பாலும் சம்பளம் வருவது கைடின் ஆராய்ச்சி நிதியிலிருந்து. கைடோடு ஒத்துப்போகவில்லையா? சம்பளமும் போச்சு. கான்ஃபரன்ஸ் போக டிக்கெட்டும் ரூமும் கைக்காசில் போட்டுவிட்டு, பில் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கணும். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வரிசையில் நடுவில் நிற்கிற வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000. "முதலில் நீ போடு, அப்புறம் தர்றோம்" என்பது யாருக்கு வலிக்கும்? முன்பணம் கொடுங்கள். கைடு மாறினால் ஒரு வருஷச் சம்பளத்துக்கு டிபார்ட்மென்ட் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது தனிமை. இங்கிருந்து போகிற நம்ம பசங்களுக்கு சீனியர் அண்ணன்கள் இருக்காங்க. எந்த கைடு நல்லவர், தகுதித் தேர்வில் என்ன கேட்பார்கள், எல்லாம் சாம்பார் சாதத்தோடு பரிமாறப்படும். டிபார்ட்மென்டிலேயே ஒரே ஒரு கறுப்பின மாணவர் என்றால் அவர் யாரைக் கேட்பார்? போஸ்டரையா?

கூட்டமாய்ச் சேர்த்தால் வேலை நடக்கும் என்பதற்கு மேயர்ஹாஃப் திட்டம் இருக்கிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தில் 1988-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது. இளங்கலை வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே கோடையில் ஒன்றாய்த் தங்கிப் படிக்கிறார்கள். அங்கிருந்து பிஎச்டிக்குப் போனவர்கள் ஏராளம். 1996-லிருந்து எல்லா இனத்தவரையும் சேர்க்கிறார்கள், அப்பவும் படுத்துவிடவில்லை.

உடனே "மெரிட் என்னாவது, 2023 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்னாவது?" என்பார்கள். அந்தத் தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியது. கான்ஃபரன்ஸுக்கு முன்பணம் கொடுக்காதே என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. மெரிட் பார்த்துத்தானே உள்ளே விட்டீர்கள்? உள்ளே வந்தவர் மூணாவது வருஷம் ஓடினால் அது யாருடைய மெரிட் குறைச்சல்?

ஒவ்வொரு கைடிடமும் சேர்ந்து பாதியில் போனவர்கள் எத்தனை பேர் என்று டிபார்ட்மென்ட் கணக்கு வைக்கட்டும். அது எகிறினால் பதவி உயர்வும் கிடையாது, புது மாணவரும் கிடையாது. கைடு போட்ட பேப்பர்களை விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ணத் தெரியாதா என்ன?