குறைமாதக் குழந்தையின் விழித்திரை: ‘இல்லை’யும் ‘தென்படவில்லை’யும்

பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008-இல் தொடங்கிய ‘கிட்ராப்’ திட்டம் தொலைமருத்துவத்தின் வெற்றியாக மட்டுமே பேசப்படுகிறது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் அகன்ற கோணக் கேமராவுடன் கர்நாடக மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் செல்கிறார். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து அங்கேயே தரம் பிரிக்கிறார். தொலைவிலுள்ள நிபுணர் படத்தைப் பார்க்கிறார். இந்நோய்க்கான நிபுணர்கள் அரிதான இடங்களில் பல குழந்தைகளின் பார்வை இவ்வாறு காக்கப்பட்டது. அதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் ஒரு வண்ணப்படம் குருதிக்குழாய்களைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை.

வண்ணப்படம் காட்டுவது வடிவத்தை: குழாயின் முறுக்கு, விரிவு, வளர்ச்சி நின்றுபோன எல்லைக்கோடு. குழாய்ச்சுவர் கசிகிறதா என்பதை அது நேரடியாகக் காட்டாது. அதற்கு, 1961-இல் நோவாட்னியும் ஆல்விஸும் வெளியிட்ட ஃப்ளோரசீன் ஆஞ்சியோகிராஃபி வேண்டும். சாயத்தைச் சிரையில் செலுத்த வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள சிசுவிடம் அது எளிய செயலன்று. ஓ.சி.டி. ஆஞ்சியோகிராஃபிக்குச் சாயம் தேவையில்லை. நுண்குழாய்களின் ஓட்டத்தை அது காட்டும், கசிவைக் காட்டாது. கண் சற்றே அசைந்தாலும் படம் கெடும் என்பது வேறு. ஓ.சி.டி. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும். இதே மருத்துவமனையின் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஓ.சி.டி. ஆய்வு, வழக்கமான பரிசோதனையில் தென்படாத மாற்றங்கள் சில குழந்தைகளின் விழித்திரை மையத்தில் இருந்ததைக் காட்டியது. கேமரா பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவேயில்லை.

இதனால் எல்லாக் குழந்தைக்கும் எல்லாக் கருவியும் என்று வாதிடுவது பொறுப்பின்மை. கண்ணைத் திறந்துவைத்துச் செய்யும் பரிசோதனையே குறைமாதக் குழந்தையின் மூச்சையும் இதயத்துடிப்பையும் குலைக்கக்கூடும். எந்த ஐயம் எழுந்தால் அடுத்த படம் எது என்ற வரிசையே தேவை. ஒற்றை வண்ணப்படங்களை மட்டும் கொண்டு பயிற்றுவிக்கப்படும் செயற்கை நுண்ணறிவு அவ்வரிசையைத் தானாகக் கற்றுக்கொள்ளாது. வண்ணப்படத்தின் குருட்டுப்புள்ளியும் அதனோடு சேர்ந்தே வரும்.

இங்கே மொழிக்கும் ஒரு பங்குண்டு. ‘மாறுபாடு இல்லை’ என்பதும் ‘இப்படத்தில் மாறுபாடு தென்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னது உடலைப் பற்றிய கூற்று. பின்னது கருவியைப் பற்றியது. ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. குழாய்கள் விழித்திரையின் விளிம்பை எட்டும்வரை பரிசோதனை தொடர வேண்டும். தீவிர நிலை தெரிந்தால் லேசர் சிகிச்சைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்களே. ‘இல்லை’ என்று எழுதித் தரப்பட்ட தாய், அடுத்த பரிசோதனைக்காகக் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற என்ன காரணம் இருக்கிறது?