உறையில் இல்லாத பெயர்

"இசைக்கு ஏதுங்க சாதி?" என் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார். பாப் மார்லிக்குப் பக்கத்தில் பாலக்காடு மணி ஐயர், அவருக்குப் பக்கத்தில் கானா கேசட்டுகள். அலமாரிக்குள் தீண்டாமை இல்லைதான் தோழர்களே. வெளியே இருக்கிறதே!

மணி ஐயர் வாசித்த கச்சேரிப் பதிவையே எடுத்துக்கொள்வோம். இன்றும் அந்த மிருதங்கத்தைக் கேட்டால் எனக்குச் சிலிர்க்கும். உறையில் பாடியவர் பெயர், வயலின் வாசித்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. பசு, எருமை, ஆடு மூன்றின் தோலையும் பதம் பார்த்து, வார் இழுத்துக் கட்டி, அந்த நாதத்தை உண்டாக்கிக் கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் இல்லை. மிருதங்கம் செய்யும் இந்தக் குடும்பங்களில் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை 2020இல் வெளியிட இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் கையை விரித்தது. மாட்டுத்தோல் மேடையேறலாம். அதைக் கட்டியவரின் கதை ஏறக்கூடாது!

அடுத்தது ஜான் கோல்ட்ரேனின் 'அலபாமா'. 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானார்கள். இரண்டு மாதத்தில் பதிவான இசை இது. பாட்டு வரி கிடையாது. சாக்சபோன் மட்டும் மூச்சடக்கி அழுகிறது. நண்பர் கண்கலங்கினார். பிறகு, 1968இல் வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றிய பாட்டைப் போட்டேன். "நல்லா இருக்கு, ஆனா இசையில எதுக்கு அரசியல்?" என்றார். அமெரிக்க ரத்தம் கலை, நம் ரத்தம் அரசியல். இதற்குப் பெயர்தான் ரசனை!

மூன்றாவது, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையே பெயரானது. எல்லாப் பாட்டும் எனக்குப் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில முழக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பறையும் கிதாரும் சரிசமமாக நின்று பேசும் இடங்களில் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை, கால் எழுந்துவிடுகிறது.

உடனே ஒரு கேள்வி வரும்: "உங்க ஆளுங்களே பறை வேண்டாம்னுதானே தூக்கிப் போட்டாங்க?" ஆமாம். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து உதைபட்டவர்கள் நம் பாட்டன்மார். அன்று கீழே போட்டது சுயமரியாதை, இன்று விரும்பி எடுப்பதும் சுயமரியாதை. எடுப்பதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும், ஊர் முடிவு செய்யக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

என் அலமாரியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கள் தெருவில் ஒப்பாரி பாடிய பாட்டிகள் யாருடைய குரலும் அதில் இல்லை. அவர்களை யாரும் பதிவு செய்யவில்லை, நானும்தான் செய்யவில்லை. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், கருவி கட்டியவர் பெயர் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். உறையில் எல்லாப் பெயரும் வரட்டும். இசைக்குச் சாதி இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம்.

ஜெய்பீம்!