பனியன் கம்பெனிக்குப் போகாத பெண்

விடியற்காலையில் கம்பெனி வேன் பல்லடம், அவிநாசி பக்கத்து ஊர்களுக்குள் வந்து நிற்கிறது. செக்கிங் வேலை தெரிந்த பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரச் சம்பளம் இன்னும் கூடும். அதே ஊரில் ஒரு பெண் மட்டும் வேனில் ஏறாமல், பிரஷர் பார்க்கும் கருவியையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அவர். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அவருக்குத் தரப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 4,500 ரூபாய். பனியன் கம்பெனியில் அதை இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம்.

கொங்கு நாட்டில் வீடு தேடி வரும் மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது திட்டம். அதற்கு முந்தைய ஆண்டு தமிழகத்தில் எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேரே அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். 2023-24 ஆய்வில் அது 17 ஆகியிருக்கிறது. மீதி 83 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் இவ்வளவு குறைந்த காலத்தில் இது சிறிய ஏற்றம் அல்ல. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது.

ரத்தக் கொதிப்பு வலிக்காது. அதுதான் சிக்கலே. "நல்லாத்தானே இருக்கறேன், எதுக்குங் மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு நாள் ஒரு பக்கம் கை கால் விழுந்து, கோவை அவிநாசி சாலையின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுவார்கள். அங்கே கேரளத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து காத்திருக்கும் அளவுக்குத் தரமான சிகிச்சை உண்டு. கட்டணம் கட்டத் தோட்டத்தில் ஒரு துண்டை விற்கவேண்டி வரலாம். "ஏனுங் அம்மாயி, போன மாசத்து மாத்திரை அப்படியே இருக்குதுங்களே?" என்று கேட்க, அந்த வீட்டுத் திண்ணையில் உரிமையோடு உட்காரக்கூடிய ஒருவர் வேண்டும். சிறப்பு மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த மாத்திரை அட்டையைப் பார்க்கப்போவதில்லை.

நகரத்துக்குள் கதை வேறு. கோவை மாநகராட்சியின் வார்டுகளில் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் அபேட் மருந்தோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வரும். ஜனங்கள் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? கொசுவுக்கும் வசதி அதுவே. குழாயைச் சரிசெய்யாத நிர்வாகம், திட்டு வாங்க மட்டும் அந்தப் பணியாளர்களை அனுப்பிவைக்கிறது.

இதெல்லாம் புதிய யோசனையும் அல்ல. நமது மலைத் தேயிலைத் தோட்டங்களில் 1970-களிலேயே, தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி இதைச் செய்து பார்த்தது. தொழிலாளர்களிலேயே ஒருவரை 'லிங்க் ஒர்க்கர்' ஆக்கி, அக்கம்பக்கத்து லைன் வீடுகளின் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னார்கள். மத்திய அரசின் ஆஷா திட்டம் வந்தது 2005-ல்தான். தோட்டங்களின் அந்தத் தொண்டில் இன்று மறந்துபோன ஒரு விவரம் உண்டு: அந்தத் தொழிலாளிக்கு எஸ்டேட் கூலி தனியாக இருந்தது, தொண்டு அதற்கு மேல்தான். சமவெளியில் நாம் கூலியை எடுத்துவிட்டுத் தொண்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

விளைவு தெரிந்ததே. பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் வந்தால் தன்னார்வலரும் வேன் ஏறிவிடுவார். நோட்டுப் புத்தகத்தை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைப்பார்கள். எந்தப் பெரியவர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு பொய் சொல்வார், எந்த மருமகள் ரத்தசோகையை மறைப்பார் என்பதெல்லாம் எந்த நோட்டில் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளப் புதியவருக்கு வருடங்கள் ஆகும்.

ஊக்கத்தொகையைக் குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது உயர்த்தி, மாதந்தோறும் தேதி தவறாமல் கொடுப்பது முதல் வேலை. வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கம்பெனிப் பெண்ணுக்குச் சட்டப்படி உண்டென்றால் இவருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்குக் கோட்டையில் யாராவது பதில் சொல்லட்டும். இன்னொன்றும் இந்த மண்ணுக்கென்றே தேவை. தஞ்சாவூர்த் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இங்கே ஒரு தோட்டத்துச் சாளைக்கும் அடுத்ததற்கும் நடுவே தென்னந்தோப்பும் இட்டேரியும் அவிழ்த்துவிட்ட நாயும் இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் தனியாக இருப்பதும் அந்தச் சாளைகளில்தான். இரண்டு இடத்துக்கும் ஒரே தலைக்கணக்கில் வேலை அளப்பது சரியல்ல. தோட்டப் பகுதிகளுக்கு வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பெட்ரோல் படியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதைச் செய்ய முடியும்.