கைத்தடிக்கு ஒரு ஆப்

தடி ஊன்றி நடக்கச் சொல்லித்தர மொபைல் ஆப்பா? கேக்க காமெடியா இருக்கலாம். ஆனா மேட்டர் சீரியஸ் மக்களே. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் 60 வயசு தாண்டியவர்களே அதிகம்.

வலது முழங்கால் வலின்னா தடி எந்தக் கையில்? பலரும் வலதுன்னு சொல்வோம். தப்பு! இடது கையில் பிடிக்கணும், அப்பதான் வலிக்கிற காலுக்குப் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ஞ்சா மாத்தணும்.

ஆஸ்பத்திரியில் ஒருதடவை சொன்னது வீட்டுக்கு வந்தா மறந்துடும். வீடியோன்னா பத்து தடவை போட்டுப் பாக்கலாம். அதனால ஆப் நல்லதுதான்.

ஆனா பொட்டி தட்டுற நம்மாளுங்க என்ன பண்ணுவோம்? லாகின், ஓடிபி, பாயின்ட்ஸ், நோட்டிபிகேஷன்! நடக்கும்போது 'டிங்'னு சத்தம் வந்தா பாட்டி போனைப் பாப்பாங்களா, படியைப் பாப்பாங்களா?

என்னைக் கேட்டா, உக்காந்து பாக்க தமிழ்க் குரலோட ரெண்டு நிமிஷ வீடியோ, ஒரு பெரிய பட்டன், அவ்ளோதான். நடக்க ஆரம்பிச்சா ஆப் வாயை மூடிக்கணும். தடி உயரம், நடை ரெண்டையும் ஒருதடவையாவது பிசியோதெரபிஸ்ட் நேரில் பாத்து சரிபண்ணணும். அந்த வேலையை ஆப் தலையில் கட்டக்கூடாது.

நீங்க என்ன சொல்றீங்க?