ஏணியின் முதற்படி

மோட்டார்ப் பந்தயம் பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்பது ஜனங்களிடையே பொதுவாக உள்ள அபிப்பிராயம். அது தவறான அபிப்பிராயம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அந்தப் பந்தயங்களுக்குச் சிகரமாக விளங்கும் பார்முலா 1 போட்டியில் ஏழு முறை உலக சாம்பியன் பட்டம் பெற்றவரும், 2024-ம் வருஷ முடிவுக்குள் 105 பந்தயங்களில் வென்று, அதுவரை வேறெவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியவருமான ஸர் லூயிஸ் ஹாமில்டன் செல்வர் வீட்டில் பிறந்தவர் அல்லர். அவர் இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்னும் ஊரில் 1985-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி பிறந்தார். அவருடைய தந்தை வழிப் பாட்டனார், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரனடா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலத்தில் அங்கிருந்து பிழைப்பை நாடி இங்கிலாந்துக்கு வந்தவர். குடியேற்ற நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பேரன், ஆண்ட நாட்டின் விலையுயர்ந்த விளையாட்டில் முதலிடம் பெற்றான் என்றால், அதை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது சரியன்று. அவர் ஏறி வந்த ஏணியையும், அதில் இப்பொழுது யாருக்கு இடமிருக்கிறது என்பதையும் சற்று ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

இந்த ஏணியின் முதற்படி கார்ட் என்னும் சிறு வண்டியாகும். 1956-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல் வெட்டும் இயந்திரத்துக்குரிய சிறு எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் வண்டியைச் செய்தார். இதற்குக் கூரையில்லை, அதிர்ச்சியைத் தாங்கும் வில்லும் இல்லை. ஓட்டுகிறவன் தரையை ஒட்டினாற்போல் உட்கார்ந்து, பாதையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தன் உடம்பிலேயே உணர வேண்டும். எந்த இடத்தில் வேகத்தைத் தணிப்பது, வளைவுக்குள் எவ்வாறு புகுவது, அடுத்தவனை எப்பொழுது தாண்டுவது என்னும் பாடங்கள் யாவும் இதில்தான் பழக்கமாகின்றன. பாட்டையும் பரதத்தையும் போலவே இதையும் இளமையிலேயே பயில வேண்டியிருக்கிறது. இன்றைய பார்முலா 1 ஓட்டிகளில் பெரும்பாலோர் பத்து வயதுக்குள் கார்ட் ஓட்டத் தொடங்கியவர்கள். ஆகவே, அந்த வயதில் வண்டி கிடைக்காத குழந்தைக்கு, அதனிடம் எவ்வளவு திறமை புதைந்து கிடந்தாலும், இந்த ஏணி ஏறக்குறைய இல்லையென்றே சொல்ல வேண்டும்.

ஹாமில்டனுக்கு வண்டி கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் ரேடியோவினால் இயக்கும் விளையாட்டுக் காரைத் தந்தை வாங்கிக் கொடுத்தார். அதைக் கொண்டு பெரியவர்களோடு போட்டியிட்டுச் சிறுவன் ஜயித்ததைக் கண்டதும், கைமாறிய பழைய கார்ட் ஒன்றை வாங்கித் தந்தார். எட்டாவது வயதில் லூயிஸ் பந்தயத்தில் இறங்கினான். பள்ளிப் படிப்பை ஒழுங்காகக் கவனிக்கும் வரையில் பந்தயத்துக்கு வேண்டியதைத் தாம் செய்வதாகத் தந்தை நிபந்தனை விதித்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற ஆண்டனி ஹாமில்டன் பட்ட பாடு கொஞ்சமன்று. கம்ப்யூட்டர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஒப்பந்த வேலைக்காரராக மாறினார். பாத்திரம் கழுவுவது, வீட்டு விற்பனைப் பலகைகளை நடுவது போன்ற வேலைகளையும் செய்து, சில சமயங்களில் ஒரே காலத்தில் நான்கு வேலைகள் பார்த்தார். டயருக்கும் எஞ்சினுக்கும் ஊர் ஊராகப் போய் வரும் செலவுக்கும் அந்தக் கூலி போயிற்று.

1995-ல், பத்தாவது வயதில், பிரிட்டனின் சிறுவர் கார்ட் சாம்பியன் பட்டம் லூயிஸுக்குக் கிடைத்தது. அவ்வருஷம் நடந்த ஒரு பரிசளிப்பு விழாவில் மக்லாரன் ஸ்தாபனத்தின் தலைவர் ரான் டென்னிஸை அணுகி, ஒரு நாள் உங்கள் காரை ஓட்டுவேன் என்று அச்சிறுவன் சொன்னான். ஒன்பது வருஷம் கழித்து டெலிபோனில் கூப்பிடு என்று டென்னிஸ் எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷம் காத்திருக்க நேரவில்லை. 1998-ல், பதின்மூன்று வயதிலேயே, மக்லாரனும் மெர்ஸிடிஸும் சேர்ந்து இளம் ஓட்டிகளுக்காக நடத்திய திட்டத்தில் அவன் சேர்க்கப்பட்டான். இந்த வரலாற்றின் திருப்பம் இதுவே. அதுவரை ஒரு தகப்பனாரின் உழைப்பு தாங்கி வந்த சுமையை அதன்பிறகு பெரிய ஸ்தாபனம் ஒன்று ஏற்றுக்கொண்டது. பிறகு திறமைக்குத் தடையில்லை. 2000-ல் ஐரோப்பிய கார்ட் பட்டம், 2003-ல் பிரிட்டிஷ் பார்முலா ரெனோ பட்டம், 2005-ல் ஐரோப்பிய பார்முலா 3 பட்டம், 2006-ல் ஜி.பி.2 பட்டம் என்று படிப்படியாக ஏறி, 2007-ல் அவர் பார்முலா 1 போட்டியில் நுழைந்தார்.

நுழைந்த வேகம் உலகத்தை வியக்கச் செய்தது. முதல் ஒன்பது பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். ஆறாவது பந்தயமாகிய கனடாவிலேயே வெற்றி பெற்றார். உலகப் பட்டத்தை அந்த வருஷம் ஒரே ஒரு புள்ளியில் கிமி ராய்க்கோனனிடம் இழந்தார். மறு வருஷம் பிரேசில் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், தமக்குத் தேவையான ஐந்தாவது இடத்தைப் பிடித்து, அதே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பெலிப்பே மாஸாவை முந்திப் பட்டம் பெற்றார். 2013-ல் மெர்ஸிடிஸ் அணிக்கு மாறினார். 2014 முதல் 2020 வரையில் மேலும் ஆறு பட்டங்கள் பெற்று, ஜெர்மானியரான மைக்கேல் ஷூமாக்கரின் ஏழு பட்டங்களுக்குச் சமமானார். 2025-ல் பெராரி அணியில் சேர்ந்தார்.

இவ்வளவும் புகழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லித் துன்புறுத்தியவர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவர் சிறு வயதிலேயே கராத்தே பயின்றார். கார்ட் மைதானங்களிலும் ஏச்சுக் கேட்டார். பாதையில் பதில் சொல் என்பதே தந்தையின் உபதேசம். 2008-ல் ஸ்பெயின் தேசத்தில் பார்சிலோனா மைதானத்தில் பயிற்சி நடந்தபொழுது, சிலர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்து அவருடைய குடும்பத்தையே பரிகசித்தார்கள். பார்முலா 1 உலகப் போட்டி 1950-ல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை அதில் பந்தயம் ஓட்டிய கறுப்பு இனத்தவர் ஹாமில்டன் ஒருவரே. எழுபத்தைந்து வருஷங்களில் ஒருவர்!

ஹாமில்டன் வந்துவிட்டாரே, கதவு திறந்துதானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இந்த வாதம் நமக்குப் புதிதன்று. ஐ.சி.எஸ். பரீட்சை இந்தியர்களுக்கும் உண்டு என்று அந்நிய சர்க்கார் சொன்னார்கள். பரீட்சையையோ லண்டனில் மாத்திரம் நடத்தினார்கள். 1863-ல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார். கப்பலேறிப் போய்ப் படித்து எழுதுவதற்குப் பணமும் துணையும் உள்ளவர்களுக்கே அந்தக் கதவு திறந்திருந்தது. பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று தாதாபாய் நௌரோஜி முதலிய தலைவர்கள் பல்லாண்டு காலம் வாதாடினார்கள். 1922-ல்தான் அது நடந்தது. சட்டத்தில் தடையில்லாதது மட்டும் போதாது; வாசல் வரையில் நடந்து வர வழியும் இருக்க வேண்டும் என்பதை நம் தேசம் அனுபவத்தில் கற்றிருக்கிறது. ஒருவர் தேறியதைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது அதிகாரத்தில் இருப்பவர்களின் பழைய தந்திரம்.

ஏணியின் விலை என்ன என்று பாருங்கள். கார்ட் பந்தயத்தில் சிறுவர் பிரிவு முதல் சர்வதேசப் பிரிவு வரை செல்வதற்கு மாத்திரம் சுமார் 10 லட்சம் யூரோ பிடிக்கும் என்று மெர்ஸிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வுல்பே மதிப்பிட்டிருக்கிறார். அதற்கு மேலுள்ள படிகளுக்குச் செலவு இன்னும் அதிகம். ஷூமாக்கரின் தந்தை கொத்து வேலை செய்தவர். கெர்ப்பன் என்னும் ஊரில் கார்ட் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். உள்ளூர் வியாபாரிகளின் உதவியால் மகன் முன்னுக்கு வந்தார். அத்தகைய குடும்பங்களுக்கு இன்று இந்த ஏணி எட்டுமா? இந்த விளையாட்டு கோடீஸ்வரப் பிள்ளைகளின் கழகமாகிவிட்டது என்றும், தொழிலாளி குடும்பத்திலிருந்து இன்று புதிதாகத் தொடங்கினால் தாம் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்றும் ஹாமில்டனே 2021-ல் சொல்லியிருக்கிறார். ஏணியில் ஏறி முடித்தவரே கீழ்ப்படிகள் அகற்றப்பட்டுவிட்டன என்று சாட்சி சொல்லும்பொழுது, அதை மறுக்க வேறு யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் திறமையற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியைப் பணம் ஓட்டாது. ஆனால், திறமையைப் பரீட்சிக்கும் இடத்துக்கே பணமில்லாதவன் வர முடியாவிட்டால், அங்கே ஜயிப்பவன் எல்லோரிலும் சிறந்தவன் என்று எப்படித் துணிவது? வந்தவர்களில் சிறந்தவன் என்று மட்டுமே சொல்லலாம். உலக சாம்பியன் என்ற பெயரில் உள்ள 'உலகம்' அப்பொழுது பொருளற்றதாகிவிடும்.

அவரவர் சொந்தச் செலவில் நடத்தும் விளையாட்டில் பிறர் தலையிடுவது நியாயமா என்று மற்றொரு கேள்வி எழலாம். இது சொந்தச் செலவில் நடக்கும் விளையாட்டல்ல. பல தேசங்களில் சர்க்கார் பணத்தைக் கொட்டியே இப்பந்தயங்களை வரவழைக்கிறார்கள். அன்றியும், இதை நம்பி ஆயிரக்கணக்கான எஞ்சினீயர்களும் தொழிலாளிகளும் ஜீவனம் செய்கிறார்கள். 2020-ல் ஹாமில்டன் நிறவேற்றுமையைக் கண்டித்துப் பந்தய மைதானத்தில் மண்டியிட்டார். அதோடு நில்லாமல், ராயல் எஞ்சினீயரிங் அகாடமியுடன் சேர்ந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். 2021 ஜூலையில் வெளிவந்த அதன் அறிக்கை, பார்முலா 1 தொழிலில் உள்ளவர்களில் கறுப்பு இனத்தவர் 100-க்கு ஒருவரே என்று கண்டது. நிலைமையைத் திருத்தப் பத்து யோசனைகளையும் கூறியது. அதே வருஷத்தில் அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 2 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்து, 'மிஷன் 44' என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அவ்வருஷம் டிசம்பரில் விண்ட்ஸர் அரண்மனையில் அவருக்கு 'ஸர்' பட்டம் சூட்டப்பட்டது. பட்டம் சூட்டுவதோடு கடன் தீர்ந்ததென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் கேட்டது பட்டமல்ல. தமக்குப் பின்னால் வருபவர்களுக்கு வழி.

ஏறியவர் திரும்பிப் பார்த்து மற்றவர்களுக்குக் கை கொடுப்பது பெருந்தன்மை. ஆனால், ஒரு விளையாட்டின் நீதி ஒரு மனிதரின் பெருந்தன்மையை நம்பி நிற்கக் கூடாது. பொறுப்பு அதை ஆளும் சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனத்தையும், அதனால் லாபம் அடையும் அணிகளையும் சேர்ந்தது. அவர்களால் முடியாத காரியமுமன்று. 2021 முதல் பார்முலா 1 அணிகளின் செலவுக்கு வரம்பு கட்டினார்கள். அந்த வருஷத்து வரம்பு 14.5 கோடி டாலர். கோடிகள் புரளும் மேற்படியில் வரம்பு கட்டத் தெரிந்தவர்களுக்கு, குழந்தைகள் ஏறும் கீழ்ப்படியில் வரம்பு கட்டத் தெரியாதா? 2010-ல் சம்மேளனத்தின் கார்ட் பிரிவு, போட்டியாளர் அனைவருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்து நடத்தும் அகாடமிப் போட்டியைத் தொடங்கியது. மறு வருஷம் அதில் வென்ற மொனாக்கோ சிறுவன் ஷார்ல் லெக்லேர், பிற்காலத்தில் பெராரி அணியின் ஓட்டியானார். 2025-ல் ஹாமில்டனுக்குச் சக ஓட்டியாக இருந்தவரும் அவரே. வண்டிகள் சமமாக இருந்தால் திறமை தானே வெளிப்படும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆகவே, நாம் வற்புறுத்துவது மூன்று விஷயங்கள். முதலாவதாக, சிறுவர் கார்ட் போட்டிகளில் வண்டி, எஞ்சின், டயர் ஆகியவற்றைப் பொதுவாக்கி, செலவுக்குக் கண்டிப்பான வரம்பு விதிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பெரிய அணியும் பட்டம் பெற்று வந்த சிறுவர்களைத் தேடுவதோடு நில்லாமல், பட்டத்துக்குப் போட்டியிடவே வசதியற்ற எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளை உள்ளூர் மைதானங்களிலேயே பரீட்சித்து, உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும். மூன்றாவதாக, இத்தொழிலின் பட்டறைகளும் வரைபடக் கூடங்களும் ஏழைப் பள்ளிக்கூடங்களின் மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். ஓட்டுகிறவர்கள் இருபது சொச்சம் பேர்தான். வண்டியைச் செய்கிறவர்களோ ஆயிரக்கணக்கானோர். நியாயம் அங்கேயும் வேண்டும்.

ஆண்டனி ஹாமில்டன் நான்கு வேலை செய்தார் என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். அந்தப் புகழ் அவருக்குத் தகும். ஆனால், ஒரு குழந்தையின் திறமை வெளிப்படுவதற்கு ஒரு தகப்பன் நான்கு வேலை செய்துதான் தீரவேண்டும் என்ற ஏற்பாடு எந்த விளையாட்டுக்கும் பெருமை தராது. நான்கு வேலை செய்தும் கைக்கெட்டாத குடும்பங்கள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் முதற்படியில் கால் வைக்க உரிமை உண்டு. அந்த உரிமையைச் சம்மேளனம் சலுகையாகக் கருதாமல் கடமையாகக் கருதி நிறைவேற்ற வேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம்.